சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் ஒரு கார்

'கம்ப்யூட்டர் போச்சு' என்று யாராவது சொன்னால், அதற்கு மேல் கேள்வி கேட்க நம் ஊரில் யாருக்கும் தைரியம் வருவதில்லை. பாங்க்கில் 'சிஸ்டம் டவுன் சார்' என்றால், டோக்கனைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். ரேஷன் கடையில் மெஷின் வேலை செய்யவில்லை என்றால், சர்க்கரை இல்லாமலே காபி குடித்துப் பழகுகிறோம். நம் தாத்தாக்கள் 'எல்லாம் அவன் செயல்' என்று மேலே கையைக் காட்டிய இடத்தில், நாம் 'சர்வர் டவுன்' என்று அதே மேலே கையைக் காட்டுகிறோம். அவ்வளவுதான் முன்னேற்றம்.

ஆனால், இதையே ஒரு கார் மெக்கானிக் சொன்னால் மட்டும் பேசாமல் திரும்பி வர முடிவதில்லை. வருவதற்குக் கார் வேண்டுமே!

எங்கள் வீட்டுக் கார் 2003-ம் வருட மாடல். அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. பிராவிடன்ட் ஃபண்டில் ஒரு பங்கு அக்கா கல்யாணத்துக்கு, ஒரு பங்கு என் பி.காம். படிப்புக்கு, மிச்சம் இந்தக் காருக்கு. மூன்று முதலீடுகளில் இன்று வரைக்கும் உருப்படியாக ஓடிக்கொண்டிருப்பது அக்கா கல்யாணமும் காரும்தான் என்று அப்பா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

கார் கொஞ்சம் உயரமான ஜாதி. தொப்பி போட்ட ஆள் மாதிரி இருக்கும். தெருப் பையன்கள் 'டப்பா' என்பார்கள். அந்த உயரம்தான் இப்போது எங்களுக்கு முக்கியம். அம்மாவுக்குப் போன வருஷம் இடுப்பு எலும்பு ஆபரேஷன். தாழ்வான சீட்டில் உட்காரக் கூடாது, இடுப்பை அதிகம் மடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோவில் காலைத் தூக்கி வைத்து ஏற முடியாது. வாடகைக் காரில் கூப்பிட்டால் வருவது பெரும்பாலும் பள்ளத்தில் உட்கார்கிற மாதிரியான வண்டி. எங்கள் டப்பாவில் மட்டும் கதவைத் திறந்தால், நாற்காலியில் உட்காருகிற மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடுவாள். வாரத்துக்கு மூன்று நாள், பெரம்பூரிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு பிசியோதெரபி. ஆறு மாசம் விடாமல் போனால் கைத்தடி இல்லாமல் நடக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் நின்று போக ஆரம்பித்தது.

சும்மா நிற்கவில்லை, ரொம்ப ஒழுக்கமாக நின்றது. காலையில் சாவியைத் திருப்பினால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஒரு குறையும் இருக்காது. இன்ஜின் நன்றாகச் சூடானதும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒரு தடவை கண்ணடிக்கும். இரண்டு குலுக்கல். ஒரு விக்கல். அப்புறம் மயான அமைதி. கால் மணி நேரம் ஆறவிட்டால், எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஆபீஸில் பதினோரு மணிக்கு டீ குடிக்கப் போய்விட்டுக் கால் மணி கழித்து வந்து உட்காருகிற சிலரை எனக்கு ஞாபகப்படுத்தியது.

புரசைவாக்கம் ஹைரோடில், ஏப்ரல் மாத நண்பகலில், பின்னால் ஒரு மாநகரப் பேருந்து ஹாரனில் கச்சேரி செய்துகொண்டிருக்க, கால் மணி நேரம் காரை ஆறவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். மேலே இருக்கிற கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்ப்பாள். மூன்றாவது தடவை நின்றபோது மட்டும் மெதுவாகச் சொன்னாள்:

"வித்துடுடா. எனக்காகத்தானே இதை வெச்சிருக்க. நான் வீட்டுலயே நடந்து பழகிக்கறேன்."

வீட்டில் நடந்து பழகுவது என்றால் ஹாலிலிருந்து சமையலறை வரைக்கும். அது எங்கே போய் முடியும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி ரூம், காபி மெஷின், டை கட்டின பையன் எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார்கள். இரண்டு கோடு வந்தது. பி0107, பி0122. முதலாவது, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கிற சென்சார். இரண்டாவது, ஆக்சிலரேட்டரை நாம் எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று பார்க்கிற சென்சார். இரண்டிலுமே 'வோல்டேஜ் குறைவு' என்று புகார். முதல் சென்சாரை மாற்றினார்கள். 2,600 ரூபாய். ஒரு வாரம் கழித்து அதே விக்கல், அதே அமைதி.

மறுபடி போனபோது டை கட்டின பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வருகிற டாக்டர் மாதிரி சொன்னான்: "சார், இ.சி.யூ. போயிருக்கு. புதுசு போட்டா 34,000 ஆகும். வண்டிக்கே இப்ப அறுபதாயிரம்தான் வரும். யோசிச்சுக்குங்க."

மச்சான் சாஃப்ட்வேர்க்காரன். அவனிடம் கேட்டேன். "மாமா, மதர்போர்டு போனா லேப்டாப்பையே தூக்கிப் போட்டுருவோம். ஸ்கிராப்புக்குக் குடுத்துடுங்க" என்றான். மனைவி எதுவும் சொல்லாமல் என் பாஸ்புக்கைக் கொண்டுவந்து டேபிள் மேல் வைத்தாள். சில பேர் பேசாமலே நிறையப் பேசுவார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பானெட்டுக்குக் கீழே இருக்கிறது என்பதுதான். ஆனால் எங்கள் படிப்பில் ஒரு விஷயம் சொல்லிக் கொடுப்பார்கள். ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை முதலில் இரண்டால் வகுத்துப் பார். அந்தத் தொகை எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம். ஒன்பதால் வகுபட்டால், 54-ஐ 45 என்று யாரோ எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். எதுவுமே கிடைக்கவில்லை, மணி ஏழாகிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், கடைசி வழி ஒன்று உண்டு. வித்தியாசத்தைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்ற தலைப்பில் போட்டுவிட்டு லைட்டை அணைத்துவிடலாம்.

அந்த ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டது இதுதான்: கார் உலகத்தின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் இந்த இ.சி.யூ.தான். கண்டுபிடிக்க முடியாத கோளாறையெல்லாம் அதன் தலையில் எழுதிவிடலாம். அது வாய் திறந்து மறுக்கவா போகிறது?

அது என்ன சாமான் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பாசடர், பத்மினி காலத்தில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற வேலையைக் கார்புரேட்டர் பார்த்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் எந்த மெக்கானிக்கும் அதோடு பேசலாம். ஜெர்மனியின் போஷ் கம்பெனி 1967-லேயே மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் டி-ஜெட்ரானிக் என்ற ஏற்பாட்டை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் 2000-ம் ஆண்டு வாக்கில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோதுதான் கார்புரேட்டருக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. எம்.பி.எஃப்.ஐ. என்று பின்பக்கம் பளபளவென்று எழுதிக்கொண்டு கார்கள் வந்தன. அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு டிபன் பாக்ஸ் அளவு அலுமினியப் பெட்டி. அதுதான் இ.சி.யூ. சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று நொடிக்குப் பல தடவை முடிவு எடுக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அது தானாக எதையும் பார்ப்பதில்லை. நம் ஜெனரல் மேனேஜர் மாதிரி. கீழே இருப்பவர்கள் கொடுக்கிற ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு. ரிப்போர்ட் தப்பாக இருந்தால் முடிவும் தப்பு. அதற்காக ஜி.எம்-ஐயே மாற்றுவார்களா? (சில கம்பெனிகளில் மாற்றுகிறார்கள். அது வேறு கதை.)

புதுப்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார் என்று எங்கள் ஆபீஸ் டிரைவர் சொன்னார். புதுப்பேட்டையைத் தெரியாத சென்னைக்காரர் இருக்க முடியாது. ஒரு காரை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பிரித்து, கதவு ஒரு கடையில், கண்ணாடி ஒரு கடையில், ஸ்டீயரிங் ஒரு கடையில் என்று தொங்கவிட்டிருக்கிற இடம். அங்கே ஒரு சந்தில் ஆறுக்கு எட்டு அடி கடை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு மல்டிமீட்டர், காதில் ஒரு பென்சில்.

"பாய், இ.சி.யூ. போச்சுன்னு சொல்லிட்டாங்க. பழைய பெட்டி ஏதாவது கிடைக்குமா?"

"கெடைக்கும் தம்பி. ஆறாயிரம், ஏழாயிரத்துக்கு எடுத்துடலாம். ஆனா உங்க சாவியை அது அடையாளம் கண்டுக்கணும்ல? திருட்டுக்குன்னு உள்ளே ஒரு பூட்டு வெச்சிருக்கான். வேற வண்டிப் பெட்டிக்கு உங்க சாவி அந்நியன். ஸ்டார்ட்டே ஆவாது. அதுக்குத் தனியா வேலை செய்யணும். அது கெடக்கட்டும். போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஸ்கேனர்ல கோடு வந்துச்சு பாய்."

"எந்தக் கோடு?"

சொன்னேன். அவர் சிரித்தார். "கோடு என்ன சொல்லுது? இந்த ரெண்டு பேர்கிட்டருந்து வர்ற வோல்டேஜ் கம்மியா இருக்குதுன்னு சொல்லுது. அவ்ளோதான். செத்தவன் யாருன்னு சொல்லுது. கொன்னவன் யாருன்னு சொல்லலை."

அந்த இடத்திலேயே எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது.

அவர் ஆரம்பித்த இடம் இ.சி.யூ. இல்லை, பேட்டரி. வண்டி ஆஃபில் இருக்கும்போது 12.6 வோல்ட். ஓடும்போது 14. 'டைனமோ நல்லாருக்கு' என்று ஒரு டிக். அடுத்து எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், இன்னொரு முனையை இ.சி.யூ.வின் எர்த் ஒயரிலும் வைத்தார். இன்ஜின் ஓடும்போது இங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று அர்த்தமாம். 0.03 காட்டியது. "பழைய வண்டியில பாதி வியாதி இங்கதான் தம்பி. எர்த் போல்ட்டு துருப்பிடிச்சிருக்கும். பெட்டி போச்சுன்னு கழட்டி எறிஞ்சுருவாங்க. உங்களுக்கு அது இல்ல."

அப்புறம் பானெட்டை மூடி, இன்ஜினை ஓடவிட்டு, டீ சொன்னார். கோளாறு வரும்போதுதான் பார்க்க வேண்டுமாம். கோளாறு இல்லாதபோது எத்தனை மணி நேரம் பார்த்தாலும் வண்டி உத்தமனாகத்தான் தெரியும். மே மாத வெயில் வேறு உதவிக்கு வந்தது. இருபத்திரண்டாவது நிமிஷம் மஞ்சள் விளக்கு, குலுக்கல், விக்கல். நின்றது.

பாய் ஓடவில்லை, நடந்தார். சாவியை ஆன் செய்து, ஆக்சிலரேட்டர் சென்சாரின் கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தார். அங்கே 5 வோல்ட் இருக்க வேண்டும். சென்சார்கள் வேலை செய்ய இ.சி.யூ. கொடுக்கிற சம்பளம் அது. எங்கள் காரில் அந்த இரண்டு சென்சாருக்கும் ஒரே ஒயரில்தான் அந்த 5 வோல்ட் போகிறது. மீட்டர் காட்டியது 0.08.

"பார்த்தியா? சம்பளமே வரலை. அப்புறம் ரெண்டு பேரும் எப்படி வேலை செய்வான்?"

"அப்ப இ.சி.யூ. சம்பளம் குடுக்கலை. அதானே பாய்? பெட்டிதான் போச்சு?"

"அவசரப்படாத. அவன் குடுத்து, வழியில யாராவது அடிச்சிருக்கலாம்ல?"

இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் ஆபீஸில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சென்சார் உள்ளுக்குள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், அது ஒன்றே மொத்த 5 வோல்ட்டையும் எர்த்துக்கு இழுத்துவிடும். மற்றவனும் சேர்ந்து பட்டினி. அதனால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப வருகிறதோ, அவன்தான் திருடன். ஆக்சிலரேட்டர் சென்சார் ஏற்கெனவே கழன்றிருக்கிறது. காற்றழுத்த சென்சாரையும் கழற்றினார். மீட்டர் அசையவில்லை. 0.08.

"சென்சார் ரெண்டும் நிரபராதி. இப்ப மிச்சம் இருக்கிறது ரெண்டே பேரு. ஒண்ணு, பெட்டி. இல்லேன்னா, பெட்டிக்கும் சென்சாருக்கும் நடுவில இருக்கிற ஒயரு."

டாஷ்போர்டுக்குக் கீழே படுத்தார். இ.சி.யூ.வின் பெரிய கப்ளரிலிருந்து அந்த ஒரே ஒரு 5 வோல்ட் ஒயரின் பின்னை மட்டும் ஊசி மாதிரி ஒன்றால் நெம்பி வெளியே எடுத்தார். கப்ளரைத் திரும்பச் சொருகி, சாவியை ஆன் செய்யச் சொன்னார். ஒயர் வெளியே தொங்குகிறது. பெட்டியின் கால் மட்டும் தனியாக. அதில் மீட்டரை வைத்தார்.

4.98.

பெட்டி உயிரோடு, ஆரோக்கியமாக, கடமை தவறாமல் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. 34,000 ரூபாய் மீட்டரில் தெரிந்த மாதிரி இருந்தது எனக்கு.

அப்புறம் ஒயரைத் தேடுகிற வேலை. இன்ஜின் ஓரமாகப் போகிற ஒயர்க் கட்டைக் கையால் தடவிக்கொண்டே போனார், குழந்தைக்குச் சுளுக்கு எடுக்கிற பாட்டி மாதிரி. ஒரு இரும்பு பிராக்கெட் பக்கத்தில் கை நின்றது. கட்டைப் பிடித்துவைக்க அங்கே ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருந்திருக்க வேண்டும். என்றைக்கோ, எந்த வேலையிலோ கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. கட்டு தொங்கி, வருஷக்கணக்காக பிராக்கெட்டின் விளிம்பில் உரசி, டேப் தேய்ந்து, ஒரே ஒரு ஒயரின் தோல் மட்டும் அரிசி அளவுக்கு உரிந்திருந்தது. உள்ளே செம்பு பளிச்சென்று சிரித்தது.

"சூட்டுல எல்லாம் தளர்ந்து தொங்கும். செம்பு போய் இரும்பைத் தொடும். ஆறினா விறைச்சு விலகிடும். அதான் கால் மணி நேரம்."

வெட்டி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, டேப் சுற்றி, புதுக் கிளிப் ஒன்றால் கட்டை பிராக்கெட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தினார். பானெட்டை மூடி மறுபடி முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். மூன்று டீ ஆனது. கார் நிற்கவில்லை. கூலி 850 ரூபாய் கேட்டார். கிளிப்புக்குப் பணம் வாங்கவில்லை.

இ.சி.யூ. போகவே போகாதா? போகும் என்றார் பாய். வெள்ளத்தில் காருக்குள் தண்ணீர் ஏறினால் போகும். 2015 டிசம்பர் மழைக்குப் பிறகு இந்தச் சந்தில் வரிசையாக வந்தவை அதுதான். பேட்டரியை மாற்றிக் கொடுத்தால், அதாவது பிளஸ் மைனஸ் தலைகீழானால் போகும். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தால் போகலாம். ரொம்ப வயதான பெட்டிகளில் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் கசிந்து போர்டை அரிக்கும். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி, அதை இயக்குகிற டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடுவதும் உண்டு. அந்தக் காயிலை மாற்றாமல் புதுப் பெட்டியைப் போட்டால், புதுசும் அதே வழியில் போய்ச் சேரும். "அதனால பெட்டியைக் கடைசியாத்தான் சந்தேகப்படணும் தம்பி. பேட்டரி, ஃபியூஸ், எர்த், 5 வோல்ட்டு, சென்சாரு, ஒயரு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு 'நான் இல்ல'ன்னு சொன்னப்புறம்தான் அவன்."

பழைய கார் வைத்திருக்கிற நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. கடையில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற, செல்போனோடு பேசுகிற ஸ்கேனரை வாங்கிப் பழைய வண்டியில் சொருகி, அது பேசவில்லை என்று பதறாதீர்கள். அமெரிக்காவில் 1996-லேயே எல்லாக் காருக்கும் ஒரே பாஷை கட்டாயம் ஆனது. இங்கே அந்த விதி பாரத் ஸ்டேஜ் 4 வந்த 2010-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளில் பல, தங்கள் தாய்மொழியில் மட்டுமே பேசும். அது இ.சி.யூ. கெட்டதற்கு அடையாளம் இல்லை. இரண்டாவது, யாராவது 'கம்ப்யூட்டர் போச்சு' என்றால், சண்டை போடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதையெதை அளந்து பார்த்தீங்க?" பதிலில் எண்கள் வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். வெறும் தலையாட்டல் வந்தால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். "850-ஆ?" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, "அந்த பாய் லேப்டாப்பும் பார்ப்பாரா மாமா?" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பழக்கதோஷத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அந்த வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் வருவாள். ஏசியைப் போட்டால் வண்டிக்குக் கஷ்டம், நின்றுவிடும் என்று அவளாக ஒரு முடிவு. இருபது நிமிஷம் ஆனது. இருபத்தைந்து ஆனது. டவுட்டன் தாண்டி ஒரு சிக்னலில் நின்றோம். மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். அது தூங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கைப்பிடியை விட்டாள். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியைச் சுற்றி மேலே ஏற்றினாள்.

"அந்த ஏசியைப் போடேன்டா" என்றாள்.